மிளகாய் நெடி வரவில்லை

என் நாவலின் முதல் வரைவில் மந்திரம் 163-ஆம் பக்கத்தில்தான் வந்தது. அதுவரைக்கும் மூன்று பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனார்கள், வந்தார்கள், பூ கட்டினார்கள், மழை விடட்டும் என்று கடை வாசல் நடைபாதையான அஞ்சடியில் ஒதுங்கி நின்றார்கள். நான் அதை நிதானமான நடை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். என் அக்கா மகள் இரண்டு வாரம் வைத்திருந்துவிட்டு, 90-ஆம் பக்கத்தில் ஒரு பஸ் டிக்கெட்டைச் செருகித் திருப்பிக் கொடுத்தாள்.

"சின்னம்மா, இது சூனியக்காரிங்க கதைன்னுதானே சொன்னீங்க? அவங்க எப்ப வருவாங்க?"

"வந்துட்டாங்களே. அந்த மூணு பேரும்தான்."

"அது உங்களுக்குத் தெரியும். எனக்கு எப்படித் தெரியும்?"

அவளுக்கு அப்போது பதினாறு வயது. இந்த ஒரு கேள்விக்குப் பதில் தேட எனக்கு இரண்டு வருடமும் இன்னும் இரண்டு வரைவும் ஆயின.

நான் மலேசியாவில், பினாங்குத் தீவின் ஜார்ஜ்டவுனில், லெபோ பாசார் பக்கம் ஒரு மசாலாக் கடையில் கணக்கு எழுதுகிறவள். பழைய ஆட்கள் அந்தத் தெருவைக் கடைத்தெரு என்றுதான் சொல்வார்கள். பகலெல்லாம் மல்லி, மஞ்சள், சீரகம், கடன் சொல்லிப் போகிற நாசி கண்டார் சோற்றுக் கடைக்காரர்கள். இரவு ஒன்பதிலிருந்து பதினொன்று வரை நாவல். இப்படியே ஆறு வருடம் ஓடிவிட்டது. சின்ன வயதில் ஞாயிறு பத்திரிகைகளில் இரண்டு மூன்று சிறுகதை வந்ததுண்டு. தமிழ் நேசன் பத்திரிகை 2019-இல் நின்றபோது, அந்தக் கத்தரித்த தாள்களை எடுத்து வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். ஆனால் சிறுகதை எழுதிய கை நாவலுக்கு உதவவில்லை. அதிலும் மாயக்கதை, அதிலும் மெல்ல மெல்ல ஏறுகிற மாயக்கதை. நான் தடுக்கி விழுந்த இடங்களைச் சொன்னால், அடுத்து எழுத உட்காருகிறவருக்குக் கொஞ்சம் எண்ணெய் மிச்சமாகும்.

முதலில் அந்த 163-ஆம் பக்கத்துச் சமாச்சாரம். நான் செய்த தப்பு, மந்திரத்தை ஊராரிடமிருந்து மறைப்பதற்குப் பதில் வாசகரிடமிருந்து மறைத்தது. இரண்டும் ஒன்று என்று நினைத்துவிட்டேன். கதைக்குள் இருக்கிற ஆட்களுக்குத் தெரியாமல், படிக்கிறவருக்கு மட்டும் லேசாகத் தெரிந்திருந்தால் அவர் எத்தனை பக்கம் வேண்டுமானாலும் பொறுத்திருப்பார். அவருக்கே ஒன்றும் தெரியாவிட்டால் அவர் எதற்காகக் காத்திருப்பார்? என்ன வரப்போகிறது என்று தெரியாதவருக்கு அது தாமதமாகிறது என்பதும் தெரியாது. புத்தகம் சப்பென்று இருக்கிறது என்றுதான் நினைப்பார்.

சரி, எதைக் காட்டுவது? பறக்கிற துடைப்பமும் கொதிக்கிற அண்டாவும் எனக்கு வேண்டாம். யோசித்துப் பார்த்ததில், நான் தேடியது ஆயர் ஈத்தாமில் எங்கள் பாட்டி வீட்டு அடுப்படியிலேயே கிடந்தது.

பாட்டி செவ்வாய், வெள்ளியில் எங்களுக்குச் சுற்றிப் போடுவார். ஒரு கைப்பிடி கல்லுப்பு, காய்ந்த மிளகாய், கொஞ்சம் கடுகு, முச்சந்தியிலிருந்து ஒரு சிட்டிகை மண். எங்களை வரிசையாகக் கிழக்கே பார்க்க உட்கார வைத்து, வலம் மூன்று, இடம் மூன்று சுற்றி, ஆளுக்கு மூன்று தரம் துப்பச் சொல்லி, அப்படியே கொண்டுபோய்க் கரி அடுப்பில் போடுவார். மிளகாய் கருகினால் வீடே இரும வேண்டும். இருமல் வந்தால் ஒன்றுமில்லை. நெடி வராவிட்டால் கண் பட்டிருக்கிறது என்று அர்த்தம். ஒருநாள் தம்பிக்கு நான்கு நாளாகக் காய்ச்சல். பாட்டி சுற்றிப் போட்டார். உப்பு படபடவென்று வெடித்தது, மிளகாய் கறுத்துச் சுருண்டது, நெடி மட்டும் வரவில்லை. ஆறு பேர் இருந்தோம் அந்த அடுப்படியில். ஒருவர் இருமவில்லை, ஒருவர் பேசவில்லை. அம்மா பாட்டியைப் பார்த்தார், பாட்டி அடுப்பைப் பார்த்தார். அப்புறம் கையைக் கழுவிவிட்டு, "அரிசி ஊற வச்சியா?" என்று கேட்டார்.

வேதியியல் படித்த என் தம்பி இப்போது இதற்கு வேறு காரணம் சொல்கிறான். மிளகாயில் இருக்கிற கேப்சைசின்தான் தொண்டையைப் பிடிக்கும். கங்கில் விழுந்து மெதுவாகப் புகைந்தால் அது காற்றில் ஏறும், கொழுந்துவிட்டு எரிகிற தீயில் போட்டால் அதுவும் சேர்ந்து எரிந்துபோகும், அவ்வளவுதான் என்கிறான். சரியாகத்தான் இருக்கும். ஆனால் காய்ச்சலில் படுத்திருந்தவனும் அவன்தான், அன்று சாயங்காலம் எழுந்து கஞ்சி கேட்டவனும் அவன்தான். அதைப் பற்றிக் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவான்.

இரண்டாவது வரைவில் இதை மூன்றாம் பக்கத்தில் வைத்தேன், தலைகீழாக. என் கதாநாயகி பூவரசியின் வீட்டில் யாருக்குச் சுற்றிப் போட்டாலும் நெடி வராது. எப்போதுமே வராது. எல்லார் வீட்டிலும் இப்படித்தான் என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள். பத்து வயதில் பக்கத்துத் தெருச் சினேகிதி வீட்டுக்குப் போகிறாள். அங்கே ஒரு குழந்தைக்குச் சுற்றிப் போடுகிறார்கள். மூச்சு முட்டி, கண்ணில் நீர் வழிய, அந்த வீட்டில்தான் ஏதோ பேய் இருக்கிறது என்று தெருவுக்கு ஓடி வருகிறாள். மந்திரம் என்ற சொல்லே அந்த அத்தியாயத்தில் கிடையாது. அக்கா மகள் படித்துவிட்டு நிமிர்ந்தாள். "ஐயோ, அப்ப அவங்க வீட்டுலதான்..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள். அந்த நிறுத்தம் எனக்குப் போதுமாக இருந்தது. அதற்குப் பிறகு பூவரசி நூறு பக்கம் பூ கட்டினாலும் இவள் விடாமல் அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இதிலிருந்து எனக்கென்று ஒரு கணக்கு வைத்துக்கொண்டேன். முதல் மூன்றில் ஒரு பங்கு வரைக்கும் நடக்கிற எந்த விந்தைக்கும் வீட்டில் ஒருவர் சொல்லக்கூடிய சாதாரணக் காரணம் ஒன்று இருக்க வேண்டும். அந்தக் காரணம் நொண்டிச் சாக்காக இருக்கக் கூடாது, என் தம்பி சொன்னதைப்போல் நிற்க வேண்டும். தயிர் புளிக்கவில்லையா, மழைக்காலம். கட்டிய மல்லிகை மூன்று நாளாக வாடவில்லையா, ஈரத்துணி. நான்காவது ஐந்தாவது முறை அந்தக் காரணங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவியும்போது வாசகருக்கே சிரிப்பும் பயமும் சேர்ந்து வரும். அந்த இடம்வரை ஆசிரியர் வாயைத் திறக்காமல் இருப்பதுதான் கஷ்டம். நான் பலமுறை திறந்திருக்கிறேன்.

அடுத்தது பெயர். இதில்தான் அதிகம் அடிபட்டேன்.

இளம் சூனியக்காரிகள் என்று எழுதிப் பாருங்கள். கையே கூசுகிறது. சூனியம் வைக்கிறவள், செய்வினை செய்கிறவள், எலுமிச்சம்பழத்தில் ஊசி குத்துகிறவள் என்றுதான் காதில் விழும். தோட்டத்தில் வளர்ந்த என் அம்மா இந்தச் சொல்லைக் கேட்டாலே முகம் மாறுவார். அவர் இருந்த லயத்தில், அந்தத் தோட்டத்து வரிசை வீடுகளில், புருஷன் செத்த ஒரு பெண்ணை இப்படிச் சொல்லியே யாரும் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்காமல் செய்தார்களாம். அக்கா மகளின் தலைமுறைக்கு ஆங்கிலத்தில் விட்ச் என்றால் தொப்பி, பூனை, கெத்து. தமிழில் சொன்னால் அவளுக்கும் பக்கத்து வீட்டுப் பொல்லாத அத்தைதான் நினைவுக்கு வருகிறார். மந்திரவாதி என்று போட்டால் ஏழு கடல், ஏழு மலை தாண்டிக் கிளிக்குள் உயிரை ஒளித்து வைத்திருக்கிற மீசைக்காரர் வந்து நிற்கிறார். மாயக்காரி என்றால் ஆம்பளையை மயக்குகிறவள். மாந்திரீகி என்று நானே ஒன்றைக் கட்டிப் பார்த்தேன். எழுத்தாள நண்பர் ஒருவர், "மருந்துக் கடை விளம்பரம் மாதிரி இருக்கே" என்றார். விட்டுவிட்டேன்.

பாதி வருடம் கழித்துக் கடையில்தான் கிடைத்தது. ஓர் அம்மா மிளகாய்த்தூள் அரைக்கக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "ஒங்க பழைய ஆளு அரைச்சா அது ஒரு ருசி. அவரு கை அப்படி." கைராசி, கைப்பக்குவம், கைமருந்து, கைவைத்தியம். ஒரே மாவு, ஒரே உப்பு, ஒருத்தி பிசைந்தால் மட்டும் இட்லி பூவாக வருகிறது. நாமும் காரணம் கேட்காமல் கை என்று சொல்லிவிட்டு அடுத்த இட்லியை எடுத்துக்கொள்கிறோம். பிறகு நான் ஏன் வெளியே தேடினேன்? என் நாவலில் யாரும் மந்திரம் என்று சொல்வதில்லை. "அவளுக்குக் கை உண்டு" என்பார்கள். கை திறந்துவிட்டது, கை மூடிவிட்டது, கை தாயிடமிருந்து வந்தது. இந்தச் சொல் கிடைத்த வாரத்தில் நாற்பது பக்கம் எழுதினேன். அதற்கு முன்னாலும் பின்னாலும் அப்படி ஓடியதில்லை. உங்கள் மாயத்துக்குப் பெயர் வைக்கும்போது அகராதியைத் திறப்பதற்கு முன் ஒரு வாரம் சமையலறையில் பேசுகிறதைக் காது கொடுத்துக் கேளுங்கள்.

இதெல்லாம் வெள்ளைக்காரன் கதை, தமிழில் எதற்கு என்று கேட்கிறவர்களும் இருக்கிறார்கள். ஒரு கூட்டத்தில் என் முகத்துக்கு நேராகவே ஒருவர் கேட்டார். எனக்கு அங்கே பதில் வரவில்லை, வீட்டுக்கு வந்த பிறகுதான் வந்தது, வழக்கம்போல. மணிமேகலை யார்? ஓர் இளம்பெண். தெய்வம் அவளைத் தூக்கிக்கொண்டுபோய் மணிபல்லவத் தீவில் விடுகிறது. அங்கே மூன்று மந்திரம் கிடைக்கிறது. அந்தப் பகுதிக்கே மந்திரம் கொடுத்த காதை என்றுதான் பெயர். ஒன்று வேற்றுருவம் எடுக்க, ஒன்று வானத்தில் போக, ஒன்று பசி தீர. மூன்றாவதைப் பாருங்கள். பசிக்கு மந்திரம் வைக்க வேண்டும் என்று தோன்றியதே, அந்தப் புலவர் சாத்தனாருக்கு நம் ஆட்களைத் தெரிந்திருக்கிறது.

இதில் நான் எடுத்துக்கொண்ட பாடம் வேறு. அரசகுமாரன் உதயகுமரனிடமிருந்து தப்பிக்க அவள் காயசண்டிகையின் உருவத்தை எடுக்கிறாள். ஒளிந்துகொள்ளத்தான் செய்தாள், யாருக்கும் கெடுதல் நினைக்கவில்லை. ஆனால் காயசண்டிகையின் கணவன் காஞ்சனன் அதைத் தன் மனைவி என்று நம்பி, அவள் பின்னால் வந்த அரசகுமாரனை வெட்டிவிடுகிறான். மந்திரம் சரியாகவே வேலை செய்தது, அதனால்தான் ஒருவன் செத்தான். என் முதல் வரைவில் பிள்ளைகள் மந்திரம் செய்தால் தலைவலி வரும், மூக்கில் ரத்தம் வரும் என்று எழுதி வைத்திருந்தேன். மந்திரத்துக்கு விலை வேண்டும் என்று எங்கோ படித்ததை அப்படியே ஒட்டியது. அதையெல்லாம் அடித்துவிட்டு, விலையை வேறொருவர் தலையில் வைத்தேன். பூவரசி தன் தங்கைக்குத் தேர்வுப் பயம் போகட்டும் என்று ஒரு கயிறு கட்டுகிறாள். பயம் போய்விடுகிறது. பயமே இல்லாத அந்தப் பிள்ளை அடுத்த வாரம், கட்டிக்கொண்டிருக்கிற கடல்பாலத்துத் தூண் பக்கம் நீந்தப் போகிறாள்.

கடல்பாலம் என்றதும் சட்டத்துக்கு வந்துவிட்டேன். மாயத்துக்குச் சட்டம் வேண்டும், அது இருந்தால்தான் மீறலாம். முதல் வரைவில் பதினொரு பக்கத்துக்குப் பாட்டி உட்கார்ந்து விளக்கினார்: எத்தனை வகைக் கை, யாருக்கு வரும், எப்போது போகும். எழுதும்போது எனக்கு ரொம்பப் பெருமை. படிக்கும்போது பள்ளிப் பாடநூல். இப்போது ஒரே ஒரு சட்டம்தான் இருக்கிறது, அதையும் ஊரிலிருந்துதான் எடுத்தேன்.

பினாங்கில் பாலம் வருவதற்கு முன் பெருநிலத்துக்குப் போக ஃபெரிதான். அதில் ஒரு வேடிக்கை உண்டு. எதிர்க்கரை பட்டர்வொர்த்திலிருந்து தீவுக்கு வரும்போது மட்டும்தான் காசு வாங்குவார்கள், தீவிலிருந்து போவது சும்மா. சின்ன வயதில் அப்பாவிடம் ஏன் என்று கேட்டேன். "உள்ள வர்றதுக்குத்தான் காசு. போறவன எதுக்குப் புடிச்சு வைக்கணும்?" என்றார். திரும்பி வரத்தானே வேண்டும், ஒரு பக்கம் வாங்கினால் போதும் என்பதுதான் காரணமாக இருக்கும். ஆனால் அப்பா சொன்னது என் தலையில் முப்பது வருடம் கிடந்து சட்டமாகிவிட்டது. கை தீவில்தான் வேலை செய்யும். ஃபெரி நடுக்கடலைத் தாண்டினால் அது கழன்றுவிடும். திரும்பி வந்தால் கிடைக்கும், ஆனால் ஒவ்வொரு முறையும் ஏதாவது கொடுத்துத்தான் வாங்க வேண்டும். ஒரு பாட்டு மறந்துபோகும், ஒருவர் முகம் மறந்துபோகும். அதனால்தான் பூவரசியின் பாட்டி நாற்பது வருடமாகத் தீவை விட்டு நகரவில்லை, சொந்தத் தம்பி பெருநிலத்தில், கெடாவில் செத்ததற்குக்கூடப் போகவில்லை. ஊர் அவரைக் கல்மனசுக்காரி என்கிறது.

பாட்டி இந்தச் சட்டத்தை விளக்குவதே இல்லை. ஓரிடத்தில், "ஏறுறதுக்கு முன்ன எங்கிட்ட ஒரு பாட்டுப் பாடிக் காட்டிட்டுப் போ" என்று மட்டும் சொல்கிறார். பதினொரு பக்கம் போய் ஒரு வரி மிஞ்சியது.

இந்தச் சட்டத்திலிருந்தே கதைக்குக் கடிகாரமும் கிடைத்தது. மெதுவான கதைக்கு எங்கேயாவது ஒன்று டிக் டிக் என்று ஓடிக்கொண்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் அது வெறும் தினசரி. பினாங்குப் பாலத்தை 1982-இல் கட்ட ஆரம்பித்து 1985-இல் திறந்தார்கள். மொத்தம் 13.5 கிலோமீட்டர், அதில் 8.4 கிலோமீட்டர் தண்ணீருக்குமேல். நாவலும் அந்த மூன்று வருடம்தான். ஒவ்வொரு அத்தியாயத்திலும் யாராவது ஒருவர் கடற்கரைப் பக்கம் போவார், கடலில் தூண்கள் கொஞ்சம் கூடியிருக்கும். ஊர் முழுக்கச் சந்தோஷப்படுகிறது. கிழவிகள் மட்டும், நடந்தே வரக்கூடிய இடமாகிவிட்டால் இது தீவா என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்கள். பாலம் முடிந்தால் கைக்கு என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாது. நான் பக்கத்துக்குப் பக்கம் பயமுறுத்த வேண்டியதில்லை, தூண்கள் அந்த வேலையைப் பார்த்துக்கொண்டன. நீங்கள் எழுதுகிற ஊரிலும் மெதுவாகக் கட்டப்படுகிற, அல்லது மெதுவாக இடிகிற ஏதோ ஒன்று இருக்கும். அதைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

பழைய காலத்தை எழுதுவதில் ஒரு தொல்லை. நமக்குத் தெரிந்த ஊர் என்ற நினைப்பில் தப்பு விடுவோம். பிள்ளைகள் மூவரும் பினாங்கு மலைக்கு ரயிலில் ஏறுகிற அத்தியாயத்தில், அடிவாரத்திலிருந்து உச்சிவரை ஒரே மூச்சாக ஏற்றிவிட்டேன். இப்போதைய ரயில் அப்படித்தான் போகிறது, ஆனால் அது 2011-இல் வந்தது. 1923-இல் ஓட ஆரம்பித்த பழைய ரயிலில் நடு ஸ்டேஷனில் இறங்கி இன்னொரு பெட்டிக்கு மாற வேண்டும். என் அம்மாதான் கண்டுபிடித்தார். அவர் படிப்பதே அபூர்வம், அன்று படித்துவிட்டுச் சிரித்தார். திருத்தப் போனால் அந்த நடு ஸ்டேஷன்தான் நாவலிலேயே நல்ல இடமாக அமைந்தது. மேலேயும் போகாமல் கீழேயும் இறங்காமல், குளிரில், அடுத்த பெட்டி வரும்வரை மூன்று பிள்ளைகள் நிற்கிறார்கள். அங்கேதான் முதன்முதலாக ஒருத்தி மற்றவர்களிடம், "ஒனக்கும் இருக்கா?" என்று கேட்கிறாள்.

ஏன் அத்தனை நாள் கேட்கவில்லை? இதற்குப் பதில் இல்லாவிட்டால் மறைந்த மந்திரம் என்பதே நிற்காது. வேறு கதைகளில் மந்திர உலகத்துக்குச் சபை இருக்கும், தடைச் சட்டம் இருக்கும், மீறினால் தண்டனை. நான் ரொம்ப நாள் அப்படி ஒரு ரகசியச் சபையை ஏதாவதொரு செட்டியார் கிட்டங்கிக்குள் வைக்கலாமா என்று பார்த்தேன். பிறகுதான் உறைத்தது, நமக்குச் சபையே தேவையில்லை, நாலு பேர் இருக்கிறார்கள். நாளைக்குப் பெண் கேட்டு வருகிறவர்கள் என்ன நினைப்பார்கள்? அந்தக் குடும்பத்தில் பெண் எடுத்தால் கை வந்துவிடுமாமே என்று ஒருவர் சொன்னால் போதும், மூன்று தலைமுறைக்குத் தாலி ஏறாது. ஒவ்வொரு தாயும் தன் மகளிடம் மட்டும் சொல்லி, வெளியே சொல்லாதே என்று வாயைக் கட்டியிருக்கிறார். அதனால் அடுத்தடுத்த வீட்டில் இருந்துகொண்டே நாம் மட்டும்தான் இப்படி என்று எல்லாரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இந்த விஷயம் சொல்லும்போது அக்கா சிரிக்கவில்லை, மகளை உள்ளே போய்ப் படிக்கச் சொன்னார்.

மூன்று பிள்ளைகளில் ஜமீலா மாமாக் கடைக்காரர் மகள், தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடையைத்தான் இங்கே அப்படிச் சொல்வோம். வீட்டில் தமிழ், ஓதுவது அரபு, பள்ளியில் மலாய். இன்னொருத்தி மேய்லிங். கைக்குழந்தையாக ஒரு தமிழ்க் குடும்பம் எடுத்து வளர்த்த சீனப் பிள்ளை, அந்தக் காலத்தில் இந்த நாட்டில் நிறைய நடந்த விஷயம். அவள் தமிழில்தான் கனவு காண்கிறாள். கை தாய்வழி வருவது என்றால் அவளுக்கு எப்படி வந்தது, வளர்த்த தாய் வழியாகவா பெற்ற தாய் வழியாகவா? இதை நான் தீர்க்கவே இல்லை. இனியும் தீர்க்கப்போவதில்லை.

மந்திரம் பெரிதாக வெளிப்படுகிற இடத்துக்குத் தைப்பூசத்தை எடுத்தேன். இங்கே வெள்ளி ரதம் லெபோ பினாங்கு கோயில் வீட்டிலிருந்து புறப்பட்டுத் தண்ணீர்மலைப் பக்கம் நாட்டுக்கோட்டைச் செட்டியார் கோயிலுக்குப் போகும். வழியெல்லாம் தேங்காய் மலை மலையாகக் குவித்து வைத்து ரதத்துக்கு முன்னால் உடைப்பார்கள், சீனர்களும் சேர்ந்துதான். ரோடு முழுக்கத் தேங்காய்த் தண்ணீர் ஓடும், செருப்பு வழுக்கும். முதல் வரைவில் அங்கே இடி, மின்னல், ரதமே தானாக நகர்ந்தது. பெரிய கூட்டம், பெரிய மந்திரம் என்று எழுதியதில் இரண்டும் ஒன்றையொன்று அமுக்கிவிட்டன. இப்போது நடப்பது இவ்வளவுதான்: எல்லாரும் உடைக்கிறார்கள். மேய்லிங்கும் தலைக்குமேல் தூக்கி ஓங்கிப் போடுகிறாள். தேங்காய் உடையவில்லை. தாரில் விழுந்து, சத்தமில்லாமல், வைத்த இடத்தில் வைத்தாற்போல் உட்கார்ந்துவிடுகிறது. வெள்ளைச் சில்லுகளுக்கு நடுவே ஒன்று மட்டும் முழுசாக. கூட்டத்தில் யாரும் கவனிக்கவில்லை. எதிர்ப்பக்கம் நிற்கிற பூவரசியின் பாட்டி கவனிக்கிறார், மேய்லிங்கின் வளர்ப்புத் தாயும் கவனிக்கிறார், இருவரும் முதன்முறையாக ஒருவரை ஒருவர் பார்க்கிறார்கள். அந்த அத்தியாயம் ஏழு பக்கம். முதல் வரைவில் அது இருபத்திரண்டு.

வேலை முறை பற்றியும் கொஞ்சம். எனக்கு உதவியது ஒரு பழைய கணக்குப் புத்தகம், கடையில் வரவு செலவு எழுதுவோமே, அது. ஒரு பக்கம் ஆட்களின் பெயர், மறுபக்கம் அந்த அத்தியாயம் முடியும்போது அவருக்கு என்னென்ன தெரியும், வாசகருக்கு என்னென்ன தெரியும். ரகசியக் கதையில் கணக்கு பிசகுவது இங்கேதான். தெரிந்திருக்கக் கூடாத ஒன்றை ஜமீலா 12-ஆம் அத்தியாயத்தில் உளறியிருந்தாள். ஆறு பேர் படித்தும் யாரும் பிடிக்கவில்லை, கணக்குப் புத்தகம் பிடித்தது. இன்னொன்று, வாசகர் முன்கூட்டியே தெரிந்துகொண்டது எதுவும் இல்லாத அத்தியாயம் இருந்தால் அந்த வரி காலியாக இருக்கும். முதல் வரைவுக்குப் போட்டுப் பார்த்தேன், தொடர்ந்து பதினான்கு வரி காலி.

கருத்துக் கேட்பதிலும் கணக்கு வேண்டும். எப்படி இருக்கிறது என்று கேட்டால் நம் ஆட்கள் நன்றாக இருக்கிறது என்பார்கள், பாவம், வேறென்ன சொல்வார்கள். நான் அக்கா மகளிடம் ஒரு பென்சிலைக் கொடுத்து, படிப்பதை நிறுத்திவிட்டுப் போனைத் தொடுகிற ஒவ்வொரு இடத்திலும் ஒரு கோடு போடச் சொன்னேன். ஏன் என்று எழுத வேண்டாம், கோடு மட்டும். முதல் வரைவில் 90 பக்கத்துக்குள் முப்பத்தொரு கோடு. எனக்கு மிகப் பிடித்த மழை வர்ணனைக்கு மட்டும் நான்கு. இரண்டு நாள் அவளோடு சரியாகப் பேசவில்லை, பிறகு வெட்கப்பட்டு ஐஸ் கச்சாங் வாங்கிக் கொடுத்தேன்.

பதிப்பகக் கதை சுருக்கம்தான். ஒருவர் எட்டு மாதம் வைத்திருந்துவிட்டு, பேயைச் சேர்த்தால் போடலாம் என்றார். இன்னொருவர் பிள்ளைகளுக்கா பெரியவர்களுக்கா என்று கேட்டார், இரண்டும் என்றதும் ஆர்வம் போய்விட்டது. நானே போடுவது என்று முடிவு செய்திருக்கிறேன். கடைக் கணக்கைவிட எளிதான வேலை: தேசிய நூலகத்தில் ஐ.எஸ்.பி.என். எண் வாங்க வேண்டும், அச்சானதும் அங்கேயே ஐந்து பிரதி ஒப்படைக்க வேண்டும், 1986-ஆம் ஆண்டுச் சட்டம் அப்படி. மீதி காசுதான்.

மூன்றாவது வரைவை அக்கா மகள் போன மாதம் முடித்தாள். இப்போது அவளுக்குப் பதினெட்டு, கல்லூரிக்குப் போகிறாள், தமிழில் படிப்பது இது ஒன்றுதான் என்கிறாள். முழுப் புத்தகத்துக்கும் நான்கு கோடு. மூன்றைச் சரிசெய்துவிட்டேன். நான்காவது, பாட்டி ஃபெரித் துறையில் பெஞ்சில் உட்கார்ந்து, ஏறாமல், ஏழு ஃபெரி போவதைப் பார்க்கிற இடம். ஒன்றரைப் பக்கம், ஒன்றும் நடக்காது. எடுத்துவிடவா என்று கேட்டேன்.

"வேணாம் சின்னம்மா. அங்க நான் போனை எடுத்தது பாட்டிக்கு அடிக்கத்தான்."